மகளை ஆப்டோமெட்ரியில் சேர்க்கலாமா?

மருத்துவ இடம் கிடைக்கவில்லை, மகள் பி.ஆப்டம் (பார்வையைச் சோதித்து பவர் கணிக்கும் ஆப்டோமெட்ரியில் இளங்கலைப் பட்டம்) படிக்கிறேன் என்கிறாள், நான்கு வருஷம் செலவழித்துவிட்டுக் கடைசியில் கண்ணாடிக் கடையில் நிற்கத்தானா என்று கேட்கிறீர்கள். பதில் சொல்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய கண் மருத்துவமனை ஒன்றில் அரை நாள் மகளோடு உட்கார்ந்து, கண்புரைக்காக வரும் ஒரு பெரியவர் யார் யார் கையில் போகிறார் என்று கவனியுங்கள். அறுவை செய்வது கண் மருத்துவர்தான். ஆனால் அவரிடம் போய்ச் சேருவதற்குள் அந்தப் பெரியவரைப் பெரும்பாலும் மூன்று நான்கு ஆப்டோமெட்ரிஸ்டுகள் பார்த்திருப்பார்கள். ஒருவர் 6 மீட்டர் தூரத்து எழுத்துப் பலகையைப் படிக்கவைத்து பவர் பார்ப்பார். ஒருவர் கண் அழுத்தம் எடுப்பார். இன்னொருவர் கண்ணின் நீளத்தை அளந்து, உள்ளே வைக்கவேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிடுவார். இவர்கள் எல்லாருடைய பெயருக்குப் பின்னாலும் ஒரே பட்டம்தான் இருக்கும். செய்யும் வேலை மட்டும் வேறு வேறு.

அந்த நீளம் அளக்கும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அளவில் 1 மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் பவரில் சுமார் இரண்டரை முதல் மூன்று வரை தப்பு வரும். கருவிழியைத் தொட்டு அளக்கும் கருவியில் கை கொஞ்சம் அழுத்திவிட்டால் கண் நிஜத்தைவிடக் குட்டையாகக் காட்டும். கணக்கு கூடுதல் பவர் உள்ள லென்ஸைச் சொல்லும். அறுவை அருமையாக நடந்தும் நோயாளிக்குத் தூரம் மங்கலாகத்தான் தெரியும். டாக்டர் நம்பி வைத்த எண் அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் கொடுத்த எண். இந்தப் பொறுப்பு பிடிக்கும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு பொருந்தும்.

கண்ணாடிக் கடையையும் இளப்பமாக நினைக்க வேண்டாம். 6 பவர் கண்ணாடியில் லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக அமையாமல் 5 மில்லிமீட்டர் தள்ளிப்போனால், 3 பிரிசம் (வெளிச்சம் வளைவதை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் வளைந்து விழும். போட்டவருக்குத் தலைவலி வரும், பவரே தப்பு என்று மூன்று கடை ஏறி இறங்குவார். சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் உள்ள பார்வைக் குறையைச் சரிசெய்வது) அமையும் கோணமான ஆக்சிஸ் 30 டிகிரி மாறிவிட்டால் அந்தச் சிலிண்டர் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே இருக்காது. படித்த ஒருவர் கவுண்டரில் இருந்தால் இரண்டையும் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார். கடை வேலை நல்ல வேலைதான். வேறு வழி தெரியாமல் அங்கே போய் நிற்பதுதான் வருத்தத்துக்குரியது, அது நேர்வது பயிற்சி போதாததால்.

அப்படியானால் எந்தப் பக்கம் போகலாம்? சில கண் மருத்துவமனைகளில் ஆப்டோமெட்ரிஸ்ட் பெயருக்குக் கீழே 'ஈடுபாடு' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள்: குழந்தைகள் கண், கான்டாக்ட் லென்ஸ், குறைபார்வை. அந்த வரிதான் அவருடைய தொழில் வாழ்க்கை.

குழந்தைகள் பிரிவுக்குப் பொறுமை வேண்டும். இயந்திரத்தில் முகத்தை வைத்த பிள்ளை கிட்டே பார்ப்பதுபோல் கண்ணை இறுக்கும். சீட்டில் மைனஸ் வரும். கண்ணுக்கு மருந்துவிட்டு அந்தப் பிடிப்பைத் தளர்த்திப் பார்த்தால் அதே பிள்ளைக்கு பிளஸ் இருப்பது தெரியும். மருந்து விடாமல் மைனஸ் கண்ணாடி எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை காரணம் தெரியாத தலைவலியோடு பள்ளிக்கூடம் போகும். சோம்பேறிக் கண் உள்ள குழந்தைக்கு நல்ல கண்ணை மூடிவைத்துப் பழக்குவதும் இவர்கள் வேலையில் சேர்ந்தது. சிறு வயதில் பிடித்தால் பார்வை திரும்பும், வயது ஏற ஏறப் பலன் குறையும். அம்மாவைப் பேசிச் சம்மதிக்கவைக்கத் தெரியாவிட்டால் கட்டு மூன்றாம் நாளே குப்பைக்குப் போய்விடும்.

கான்டாக்ட் லென்ஸ் என்றதும் கண்ணாடிக்குப் பதிலாகப் போடுவது என்றுதான் நினைப்போம். கருவிழி கூம்பாகத் துருத்திக்கொண்டு போகும் நோயில் கண்ணாடியால் பார்வை முழுசாகக் கிடைக்காது, கெட்டியான லென்ஸ் வேண்டும். லென்ஸை வைத்து, கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு, ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். லென்ஸ் கருவிழியில் இடிக்கும் இடம் கறுப்பாகவும், கண்ணீர் தேங்கும் இடம் பளிச்சென்ற பச்சையாகவும் தெரியும். அந்தப் பச்சையின் கனத்தைப் பார்த்தே வளைவைக் கூட்டவோ குறைக்கவோ முடிவு செய்ய வேண்டும். வருஷக்கணக்காக மங்கலாகவே பார்த்தவர் அன்று பேருந்துப் பலகையைப் படித்துவிடுவார். நுணுக்கமான கைவேலையில் ஆசை உள்ள பிள்ளைகளை இந்தப் பிரிவு பிடித்து வைத்துக்கொள்ளும்.

குறைபார்வைப் பிரிவுக்கு நம் பிள்ளைகள் அதிகம் போவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. மருந்தும் அறுவையும் முடிந்த இடத்தில் இவர்கள் வேலை தொடங்குகிறது. பரம்பரை விழித்திரை நோய் உள்ள மாணவனுக்குக் கரும்பலகை பார்க்கச் சின்னத் தொலைநோக்கி, பாடப்புத்தகத்துக்குத் தாங்கி வைத்த உருப்பெருக்கி, எந்த வெளிச்சத்தில் உட்காருவது என்ற அறிவுரை. இவ்வளவுதான், அவன் பள்ளியிலேயே இருந்துவிடுவான்.

இந்த ஈடுபாடு எங்கே முளைக்கும் என்றால், பெரும்பாலும் இன்டர்ன்ஷிப் வருஷத்தில். மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப் என்பதுதான் இங்கே நெடுநாளாக இருக்கும் அமைப்பு. துணைநிலை மற்றும் சுகாதாரப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தபிறகு பாடத்திட்டமும் பதிவு முறையும் மாறிவருகின்றன. ஆகவே போன வருஷம் சேர்ந்தவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காமல், மகள் சேரும் ஆண்டின் விவரக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வில் வரும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சொந்தக் கண் மருத்துவமனை இருக்கிறதா அல்லது எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம், எந்த ஆண்டிலிருந்து மாணவர் நோயாளியைத் தொடுவார், இன்டர்ன்ஷிப்பில் எத்தனை பிரிவுகளில் சுழற்சி, ஒவ்வொன்றிலும் எத்தனை வாரம் என்று கேளுங்கள். சென்னையில் சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985 முதல் நடக்கிறது. அதன் பெயர் நிலைத்திருப்பதற்கு மருத்துவமனையோடு ஒட்டி வளர்ந்தது ஒரு முக்கியக் காரணம். மூன்றாம் ஆண்டு மாணவியிடம் தனியே ஒன்று கேட்டால் போதும்: ரெட்டினோஸ்கோப் (கண்ணுக்குள் வெளிச்சம் வீசி பவர் பார்க்கும் கைக்கருவி) உன் கையில் எத்தனை நாள் இருந்தது?

ஏன் அந்தக் கருவியைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், பேச வராத குழந்தைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத முதியவருக்கும் பெரும்பாலும் அதை வைத்துத்தான் பவர் கண்டுபிடிப்பார்கள். கோடு போன்ற வெளிச்சத்தைக் கண்மணிக்குள் வீசி, அது கையோடு சேர்ந்து நகர்கிறதா எதிர்த்திசையில் ஓடுகிறதா என்று பார்த்து, லென்ஸ் மாற்றி மாற்றி அந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். 67 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால் கிடைத்த பவரில் ஒன்றரை கழிக்க வேண்டும். கை அசந்து 50 சென்டிமீட்டருக்கு முன்னால் நகர்ந்துவிட்டு அதே ஒன்றரையைக் கழித்தால் அரை பவர் தப்பு. இதைப் புத்தகத்தில் படித்துத் தேற முடியாது. அஞ்சல்வழி ஆப்டோமெட்ரி, ஆறு மாத டிப்ளமோ என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்.

அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டு இரண்டைக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தந்து அங்கேயே வேலையில் அமர்த்துகிறார்கள். வீட்டு நிலைமை உடனே சம்பளம் கேட்கிறதென்றால் அது மதிப்பான வழி. ஆனால் அது பி.ஆப்டம் பட்டம் ஆகாது, மேற்படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் அதைக் காட்ட முடியாது. அரசு வேலை என்றால் கண் மருத்துவ உதவியாளர் பணியிடம் இருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கும்போது கேட்கும் கல்வித் தகுதியை வரி விடாமல் படியுங்கள்.

வெளிநாடு பற்றி: அமெரிக்காவில் பி.ஆப்டம் வைத்து நேராகத் தொழில் செய்ய முடியாது, அங்கே ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) பட்டம் வாங்கித் தேசியத் தேர்வு எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவில் தகுதித் தேர்வு உண்டு. வளைகுடாவில் சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு, அதற்கு முன் பணி அனுபவம். அதனால் படிப்பு முடிந்த கையோடு விமானம் ஏறலாம் என்று சொல்லும் கல்லூரியைச் சந்தேகப்படுங்கள்.

ஆரம்பச் சம்பளம் பொறியியல் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் குறைவாகவே தெரியும், இதை மறைப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு பிரிவில் பேர் எடுத்தவருக்குத்தான் அது நகரும். முதுகலைக்குப் போவதும் அதற்குப் பிறகு என்றால் என்ன படிப்பது என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

கையெழுத்துப் போடுமுன் இன்னொன்று. உதவித்தொகையோடு படிக்கவைக்கும் சில இடங்களில் படிப்புக்குப் பின் இத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் வாங்குவார்கள். ஆண்டு எவ்வளவு, நடுவில் விலகினால் தொகை எவ்வளவு, எந்த ஊர்க் கிளைக்கு அனுப்புவார்கள் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தருவார்களா என்றும் அன்றே கேட்டுவிடுங்கள், ஒப்புகைச் சீட்டு இல்லாமல் ஒரு காகிதத்தையும் விட்டுவர வேண்டாம்.