சித்திக்கு வந்த வக்கீல் லெட்டர்

குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி இங்கிலாந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் உன் வீட்டுக்காரருடைய முதல் மனைவியின் வக்கீலிடமிருந்து லெட்டர் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அவர்கள் இருவரின் பையன் உங்கள் வீட்டுக்கு வருகிற சனி ஞாயிறுகளில் நீ வீட்டிலேயே இருக்கக் கூடாதாம். குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அவனை ஊருக்கு அழைத்துப் போகும் ஆசையும் போச்சா என்று கேட்டிருந்தாய்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளம்மா. அது வக்கீல் எழுதிய லெட்டர். கோர்ட் உத்தரவு இல்லை. உன்னால் பிள்ளைக்கு ஆபத்து என்று காட்ட ஏதாவது இருந்தாலொழிய, "வீட்டில் இருக்காதே" என்று கோர்ட் லேசில் சொல்லாது. அதற்காகக் குப்பையில் போட்டுவிடாதே. பதில் போக வேண்டும், ஆனால் உன் வீட்டுக்காரர் பெயரில் போகட்டும். நீ எழுதாதே.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நானும் உன்னை மாதிரி இரண்டாம் தாரமாக, சித்தியாக வந்தவள்தான். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து இங்கே வந்த புதிதில் எங்கள் பெண்ணுக்கு, அதாவது அவருடைய முதல் மனைவியின் மகளுக்கு, ஐந்து வயது. ஒரு வாரக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல். அவள் அம்மா போனில் கத்தினாள். நைட் டியூட்டி முடிந்து வந்த அலுப்பில் வாட்ஸாப்பில், "நீ ஒண்ணும் சொல்ல வேணாம், இனிமே நான் பாத்துக்கறேன்" என்று தட்டிவிட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். எட்டு மாதம் கழித்து கோர்ட் ஃபைலில் அதே வரி, பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு: "இனி உன்னை நான் கவனித்துக்கொள்கிறேன்." மிரட்டலாம்! "பாத்துக்கறேன்" என்ற ஒரு சொல்லை விளக்கவே எங்கள் வக்கீலுக்கு அரை மணி நேரம் போனது. நம்மூர் பேச்சை ஆங்கிலத்தில் படித்தால் எல்லாமே சண்டை மாதிரிதான் இருக்கும்.

இப்போது உன் நிலைமை. உன் வீட்டுக்காரருக்கும் பையனின் அம்மாவுக்கும் அவன் மேல் 'பேரன்டல் ரெஸ்பான்சிபிலிட்டி', அதாவது பெற்றோருக்குரிய சட்டப் பொறுப்பு இருக்கிறது. கல்யாணம் செய்துகொண்டதால் மட்டும் உனக்கு அது வராது. 1989 சில்ட்ரன் ஆக்டில் 4ஏ பிரிவு இருக்கிறது. 2005 டிசம்பர் கடைசியிலிருந்து அமலில் உள்ளது. அதன்படி இரண்டு பெற்றோரும் கையெழுத்துப் போட்டாலோ, கோர்ட் உத்தரவு கொடுத்தாலோ சித்திக்கும் அந்தப் பொறுப்பு கிடைக்கும். மூன்று மாதத்தில் போய்க் கேட்காதே. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆகிவிடும். அது இல்லாமலே நீ சோறு போடலாம், குளிப்பாட்டலாம். அவன் உன் பொறுப்பில் இருக்கும்போது அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். அவன் நலனுக்கு நியாயமாகத் தேவையானதைச் செய்ய சட்டமே இடம் கொடுக்கிறது. ஆபரேஷனுக்குக் கையெழுத்து, ஸ்கூல் மாற்றுவது, பெயர் மாற்றுவது எல்லாம் அவர்கள் இருவர் பாடு. (ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.)

அப்புறம் ஊர் விஷயம். வைகாசி முதல் தேதி இங்கே ஸ்கூல் நடக்கிற சமயம், அதனால் சிரசை மறந்துவிடு. ஆகஸ்ட் லீவில் பார். ஆனால் பையனின் அம்மாவின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் டிக்கெட் போடாதே. பையன் அவரோடு வசிப்பதாகக் கோர்ட் உத்தரவு இருந்தால்தான், சம்மதம் கேட்காமல் 28 நாள் வரை வெளிநாடு கூட்டிப் போகலாம். உங்களுக்கு அது இல்லை. சம்மதமும் இல்லாமல், கோர்ட் அனுமதியும் இல்லாமல் போனால் 1984 சட்டப்படி குழந்தைக் கடத்தல். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அதனால் அந்த அம்மாள் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. திரும்பி வரும் டிக்கெட், குடியாத்தத்து விலாசம், உன் அம்மாவின் போன் நம்பர், தினமும் வீடியோ காலில் பேச ஒரு நேரம், எல்லாவற்றையும் எழுதி மூன்று மாதம் முன்பே அவர் அனுப்பட்டும். மறுத்தால் முதலில் 'மியாம்' என்கிற சமரசச் சந்திப்பு, அதற்குப் பிறகுதான் கோர்ட்.

எங்களுக்கு இரண்டாவது வருஷம்தான் சம்மதம் கிடைத்தது. ஏர்போர்ட்டில் அதிகாரி என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று எங்கள் பெண்ணிடமே கேட்டார். "சித்தி" என்றாள். அதை என் பெயர் என்று நினைத்து பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவள் அம்மாவின் லெட்டரை நீட்டினேன்.

லெட்டரின் கடைசிப் பாராவில் பதிலுக்குக் கெடு தேதி போட்டிருப்பார்கள். அது என்றைக்கு என்று பார்த்துச் சொல்.