ஃபிளாக்ஸ்டாஃபில் பனி இல்லாமல் திரும்பியவருக்கு

ஊர் தப்பில்லை, நாள்தான் தப்பு. கிறிஸ்துமஸுக்கு ஃபீனிக்ஸிலிருந்து அரிசோனாவின் மலையூரான ஃபிளாக்ஸ்டாஃபுக்குப் பனி பார்க்கப் போய் வெறும் ஈரத் தரையைத்தான் பார்த்தோம் என்கிறீர்கள். பிப்ரவரியில், பனிப்புயல் கடந்த மறுநாள் காலையில் போங்கள்.

ஆண்டுக்குச் சராசரியாக 90 முதல் 100 அங்குலம் வரை பனி விழும் ஊர் அது. ஆனால் இருப்பது 6,900 அடியில். பசிபிக்கிலிருந்து வரும் காற்று சற்றே வெதுவெதுப்பாக இருந்தாலும் பனி விழும் மட்டம், அதாவது எந்த உயரத்துக்கு மேல் மழை பனியாக விழுமோ அது, ஊருக்கு மேலே ஏறிவிடும், ஊருக்குள் மழைதான். விழுந்த பனியும் அரிசோனா வெயில் படும் இடங்களில் சீக்கிரம் உருகிவிடும். பைன் மரங்களின் அடியில், வடக்குப் பார்த்த சரிவில்தான் அதிக நாள் நிற்கும், மேலே மொறுமொறுவென்று உறைந்து கிடக்கும். பிள்ளைகளை அங்கே இறக்கிவிடுங்கள்.

கிளம்புமுன் தேசிய வானிலைச் சேவையின் ஃபிளாக்ஸ்டாஃப் முன்னறிவிப்பில் 'ஸ்னோ லெவல்' எண்ணை, அதாவது அந்தப் பனி விழும் மட்டத்தை, பாருங்கள். 6,000 அடிக்குக் கீழே என்றால் ஊரே போதும். 7,000-க்கு மேல் என்றால் ஊரில் நிற்காமல் பக்கத்து மலையிலுள்ள பனிச்சறுக்கு இடமான ஸ்னோபௌலுக்கு ஏறுங்கள்; அதன் அடிவாரமே சுமார் 9,200 அடி.

ஒன்று மட்டும்: பகலில் உருகிய நீர் இருட்டியதும் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாகிவிடும். ஃபீனிக்ஸுக்குத் திரும்பும் ஐ-17 நெடுஞ்சாலையின் இறக்கத்தை வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். புயல் நாளில் ஸ்னோபௌல் சாலைக்குச் சங்கிலியோ நான்கு சக்கர இயக்கமோ கேட்பார்கள்.