பம்பைத் தாண்டியதும் பாலிமர் கரைசல் ஏன் நீர்த்துப்போகிறது?

கேள்வி: பாலிஅக்ரிலமைடு (நீரைக் கெட்டியாக்கும் ஒரு பாலிமர்) கரைசல் கலக்கும்போது இளகுகிறது, கலக்கியை நிறுத்தினால் பழையபடி கெட்டியாகிவிடுகிறது. அதே கரைசலை பம்பு வழியாக அனுப்பினால், ஒரு நாள் வைத்திருந்தும் கெட்டித்தன்மை திரும்பவில்லை. வாங்கிய பாலிமர் மட்டமானதா?

பதில்: பாலிமர் மேல் பழி போடாதீர்கள். பாலிமர் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள். கலக்கும்போது அந்தச் சங்கிலிகள் குட்டிக்கரணம் போடுகின்றன, பம்பில் அறுந்துபோகின்றன.

அசையாத நீரில் பாலிமர் சங்கிலி சிக்குப்பிடித்த நூல் போலச் சுருண்டு கிடக்கும். கலக்கும்போது அடுத்தடுத்த நீரடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. இந்த ஓட்டத்தில் பாதி இழுப்பு, பாதி சுழற்சி. இழுப்பு சங்கிலியை நீட்டி, ஓட்டத்தின் திசையில் படுக்க வைக்கிறது. அப்படிப் படுத்த சங்கிலியின் ஒரு முனையை வெப்ப அதிர்வு அடுத்த அடுக்குக்குக் கொஞ்சம் தள்ளினால் போதும். முனை எதிர்ப்பக்கமாக மடங்கும், உடல் சுருண்டு புரளும், பிறகு மறுபடி நீளும். இதற்குத் தாளக்கட்டு எதுவும் இல்லை. ஒன்று புரளும்போது பக்கத்தில் இருப்பது நீண்டு கிடக்கும்.

1999-ல் இயற்பியலாளர் ஸ்டீவன் சூவின் குழுவினர் ஒளிரும் சாயமேற்றிய டி.என்.ஏ. இழைகளைத் தனித்தனியாக நுண்ணோக்கியில் படம்பிடித்து இதைக் காட்டினார்கள். ஓட்டத்தை எவ்வளவு முடுக்கினாலும் இழைகளின் சராசரி நீட்சி முழு நீளத்தில் பாதியைத் தாண்டவில்லை. முழுதாக நீள்வதற்குள் இழை புரண்டுவிடுகிறது. அதுதான் அதற்குப் பாதுகாப்பு. படுத்த சங்கிலிகள் ஓட்டத்துக்குக் குறைவாகவே தடை தருவதால் கரைசல் இளகுகிறது. கலக்கியை நிறுத்தினால் பழையபடி சுருண்டுகொள்கின்றன.

பம்பின் குறுகிய இடைவெளியிலோ பாதி மூடிய வால்விலோ நிலைமை வேறு. அங்கே நீர் திடீரென வேகமெடுப்பதால் சங்கிலியின் முன்பகுதி பின்பகுதியைவிட வேகமாக இழுபடுகிறது. தப்பிப் புரளச் சுழற்சியும் அவ்வளவாக இல்லை. நீட்டும் வீதத்தைச் சங்கிலி மறுபடி சுருள எடுக்கும் நேரத்தால் பெருக்கினால் வரும் எண் சுமார் 0.5-ஐத் தாண்டியதும் சுருள் பிரியத் தொடங்கும். அந்தப் பிரிதல் திடீரென நடக்கும் என்று 1974-லேயே பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் கணித்திருந்தார். இழுவிசை நடுவில்தான் அதிகம், அதனால் பெரும்பாலும் நடுவிலேயே அறும். 1 கோடி மூலக்கூறு எடையுள்ள ஒரு சங்கிலி 50 லட்சம் எடையுள்ள இரண்டாகும். மிக நீளமானவைதான் முதலில் போகும். நமக்கு வேண்டியதும் அவைதான்!

பாலிமர் தூளை நீரில் தூவும் முதல் சில நொடிகளுக்கு வேகமான கலக்கல் பரவாயில்லை. சங்கிலிகள் இன்னும் கரைந்து பிரியவில்லை, கட்டி விழாமலும் இருக்கும். அதன்பிறகு அகலத் துடுப்பால் மெதுவாகக் கலக்குங்கள். மையவிலக்கு பம்புக்குப் பதில் மெதுவாகச் சுழலும் திருகு வகை பம்பு நல்லது. ஓட்டத்தைக் குறைக்க வால்வை நெரிக்காமல் பம்பின் வேகத்தைக் குறையுங்கள். என் அனுபவத்தில் பம்பைவிட வால்வுதான் பெரும்பாலும் குற்றவாளி.

சோதிப்பதும் எளிது. பம்புக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து, கண்ணாடிக் குச்சியை முக்கித் தூக்குங்கள். முன்னதில் நூல் நீளமாக இழுபட்டு, பின்னதில் சொட்டுச் சொட்டாக விழுந்தால் சங்கிலி அறுந்திருக்கிறது. வால்வை முழுதாகத் திறந்துவிட்டு மறுபடி ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.