ஐம்பது சதவீதக் கட்டில்

கேள்வி: எங்கள் ஊரில் பல வருடமாகக் கட்டில், பீரோ விற்கும் கடைக்காரர் இப்போது ஈ ஓட்டுகிறார். பக்கத்திலேயே வந்த பெரிய ஷோரூமில் ஐம்பது சதவீதம் தள்ளுபடி. உள்ளூர்க் கடைகள் இனிப் பிழைக்குமா?
– வாசகர், தென்காசி

பதில்: தள்ளுபடி என்று எழுதிவிட்டீர்கள், முதலில் அதைப் பேசிவிடுகிறேன். இதற்காக இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே சண்டை போட்டிருக்கிறேன். விளம்பரம் தந்த சிலர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். பாதி விலைக்கு விற்றும் லாபம் வருகிறதென்றால் முழு விலை என்பது என்ன? ஆடி மாதம் சிவப்பு மையில் அடிக்கப்படும் அந்தப் பழைய விலையைக் கொடுத்து யாராவது என்றைக்காவது அந்தச் சோபாவை வாங்கியிருக்கிறார்களா?

ரோஸ் பிளம்கின் என்றொரு அம்மாள். 1893இல் ரஷ்யப் பேரரசில், மின்ஸ்க் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து அமெரிக்கா போனவர். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாது. 1937இல் 500 டாலரோடு நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் ஃபர்னிச்சர் கடை போட்டார். ‘மலிவாக விற்பேன், உண்மையைச் சொல்வேன்’ என்பதுதான் கொள்கை. கடன் நெருக்கியபோது தன் வீட்டுச் சாமான்களையே விற்று அடைத்தார்.

கொள்முதலுக்கு மேல் பத்து சதவீதம் மட்டும் வைத்து விற்றதால் மற்ற கடைகளுக்குப் பொறுக்கவில்லை. இவருக்குச் சரக்குத் தரக்கூடாது என்று கம்பெனிகளை நெருக்கினார்கள். இவர் வெளியூர் போய் வாங்கி வந்தார். மொஹாக் கார்ப்பெட் கம்பெனி, தான் நிர்ணயித்த விலைக்குக் கீழே விற்கிறார் என்று வழக்கே போட்டது. அம்மாள் கோர்ட்டில் நின்று, பத்து சதவீதம் எனக்குப் போதும், வாடிக்கையாளரைக் கொள்ளையடிக்க மாட்டேன் என்றார். நீதிபதி வழக்கைத் தள்ளினார். மறுநாள் அதே நீதிபதி இவர் கடைக்கு வந்து 1,400 டாலருக்குக் கார்ப்பெட் வாங்கிப் போனார்! எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல தீர்ப்புரை கிடையாது.

1983இல் அமெரிக்காவின் பெரிய முதலீட்டாளர் வாரன் பஃபெட் அந்தக் கடையின் பெரும்பங்கை வாங்கினார். ஒன்றேகால் பக்க ஒப்பந்தம். தணிக்கை இல்லை. அம்மாளின் வாய்ச்சொல் போதும் என்றார். அப்புறம் 1989இல் பேரன்களோடு தகராறு. 95 வயதில் கோபித்துக்கொண்டு வெளியேறி, எதிரிலேயே போட்டிக் கடை திறந்துவிட்டார். 1992இல் பஃபெட் அதையும் வாங்க வேண்டியதாயிற்று. போட்டிக் கடை போடமாட்டேன் என்று முதல் தடவை எழுதி வாங்காமல் விட்டிருந்தார்! வீட்டுப் பெரியவர்களை ஓரங்கட்டலாமா என்று எனக்குக் கடிதம் எழுதும் மருமகன்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

சரி, உங்கள் ஊர்க் கடை. இன்றைக்கு ஷோரூம் கட்டில்கள் பலவும் மரத்தூளையும் சிராயையும் பசையோடு அழுத்திச் செய்த பலகை, மேலே தேக்கு நிறத்தில் ஒரு தாள். தண்ணீர் பட்டால் உப்பும். கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ பிடிக்காது. வாடகை வீடு மாறுகிற குடும்பத்துக்கு இது பெரிய நஷ்டம். இதை உங்கள் கடைக்காரர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவரும் ‘மரக்கட்டில் 1’ என்று மொட்டையாகப் பில் போடுவதை நிறுத்தி, சட்டம் வேங்கையா வேம்பா, பலகை ப்ளைவுட்டா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அவரும் ஷோரூமைப் பார்த்து விலையை ஏற்றிப் பாதியாகக் குறைத்து போர்டு வைத்தால் அவருக்காக நான் வாதாட மாட்டேன்.