வாடையே இல்லாத சூப்பை ஏன் கொட்டச் சொன்னார்கள்?

கேள்வி: சிறிய உணவகம் நடத்துகிறேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி, முந்தைய இரவு காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்திருந்த ஒரு அண்டா இறைச்சி சூப்பின் நடுவில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். காலையிலும் 26 டிகிரி காட்டியது. உடனே கொட்டச் சொன்னார். கடுமையான விதிமீறல் என்றும் எழுதிவிட்டார். உடைந்த தரை ஓடு மட்டும் சின்னக் குறையாம். சூப்பில் வாடையே இல்லை. எப்படியும் கொதிக்க வைத்துத்தானே பரிமாறியிருப்போம்?

பதில்: அதிகாரி செய்தது சரிதான். 'இதனால் இன்றைக்கே யாராவது நோயில் விழுவார்களா?' என்பதை வைத்துத்தான் குறைகளைத் தரம் பிரிக்கிறார்கள். உடைந்த ஓட்டில் அழுக்கு சேரும், அதையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த சூப்பை அன்று மதியமே யாராவது குடித்திருப்பார்கள்.

வாடையை நம்பவே நம்பாதீர்கள். உணவை நாற வைக்கும் கிருமிகள் வேறு, ஆளைப் படுக்க வைக்கும் கிருமிகள் வேறு. இறைச்சி சூப்பில் முக்கியமாகப் பயப்பட வேண்டியது குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். அதன் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்க அது எடுக்கும் உறங்குநிலை வடிவம், கொதித்தாலும் சாவதில்லை. மற்ற கிருமிகள் செத்துப்போன பிறகு, சூப் ஆறும்போது இவை போட்டியில்லாமல் முளைக்கும். 43 முதல் 47 டிகிரி வரையிலான சூட்டில், சுமார் பத்து நிமிடத்திலேயே இரட்டிப்பாகிவிடும். உங்கள் அண்டாவின் நடுப்பகுதி அந்தச் சூட்டைக் கடக்கவே வெகுநேரம் எடுத்திருக்கும்.

மறுபடி கொதிக்க வைத்தால் இந்தக் கிருமி செத்துவிடும், உண்மைதான். ஆனால் அவசர நேரத்தில் முழு அண்டாவும் நடுவரை 75 டிகிரியைத் தொட்டதா என்று யார் பார்க்கிறார்கள்? தவிர, ஸ்டஃபைலோகாக்கஸ், பேசில்லஸ் சீரியஸ் போன்ற வேறு கிருமிகள் வளரும்போது கக்கும் நஞ்சு கொதிநீருக்கும் அசையாது. கிருமி போய்விடும், நஞ்சு தங்கிவிடும்.

சரி, என்ன செய்வது? ஃபிரிட்ஜ் என்பது ஆறிய பொருளைக் குளிராக வைத்திருக்கச் செய்த பெட்டி. அண்டா நிறையச் சூடான சூப்பை ஆற்றும் வலு அதற்குக் கிடையாது. அந்த அண்டா பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துச் சூடாக்கிவிடும். அடுப்பை அணைத்ததும் சூப்பை அகலமான தட்டுகளில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். தட்டுகளை ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளறுங்கள். ஆறும்வரை இறுக்கி மூடாதீர்கள். 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். இந்த இரண்டில் முதல் கட்டம்தான் உயிர்நாடி, அங்கே தாமதிக்கவே கூடாது.

மறு ஆய்வில் அதிகாரி கேட்கப்போவது பதிவேட்டைத்தான். நேரம், வெப்பநிலை, பார்த்தவர் கையெழுத்து, இவ்வளவு போதும். ஆனால் அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். ஒரே பேனாவில், ஒரே மூச்சில், எல்லா நாளும் 4 டிகிரி என்று நிரப்பிய தாளை அவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் உண்மையாக எழுதியதையும் நம்ப மாட்டார்கள்.

தெர்மாமீட்டரையும் அவ்வப்போது சோதியுங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனையை நடுவில் பிடித்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் புதிது வாங்குங்கள்.