உளவியல் படிக்க அமெரிக்கா – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் பி.எஸ்ஸி. உளவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் முதுகலை முடித்து, அங்கேயே முனைவர் பட்டமும் வாங்க ஆசை. தரவரிசையைப் பார்த்து ஸ்டான்ஃபர்ட், பிரின்ஸ்டன், பெர்க்லி, மிச்சிகன், யேல் என்று ஐந்து பல்கலைக்கழகங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது? ஜி.ஆர்.இ. நுழைவுத்தேர்வு எழுத வேண்டுமா? மிச்சிகன் குளிர் தாங்க முடியாது என்கிறார்களே? வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. நீங்கள் இந்தத் துறையைச் சேர்ந்தவர் இல்லை என்று தெரியும். உங்கள் கதை மாந்தர்களைப் படித்துத்தான் எனக்கு இந்தப் படிப்பில் ஆசை வந்தது. அதனால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் இந்தப் பதில். என் கதையைப் படித்து ஒரு பெண் உளவியலுக்குப் போயிருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, நிறையக் கலக்கம். தவிர, ஒரு நாவலுக்காகச் சில வாரங்களாக உளவியல் ஆய்வுகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஸ்டான்ஃபர்டிலும் பிரின்ஸ்டனிலும் உளவியல் துறையில் மருத்துவ உளவியலுக்கு முனைவர் பிரிவே கிடையாது. நீங்கள் சொன்ன ஐந்து உளவியல் துறைகளிலும் முதுகலைக்கென்று தனியாக ஆள் எடுப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள என்னிடம் வர வேண்டியதில்லை. அந்தத் துறைகளின் இணையப் பக்கத்தைத் திறந்து பத்து நிமிடம் படித்தால் போதும். தரவரிசை மட்டும் பார்த்துப் படிப்பை முடிவுசெய்வது ஜாதகக் கட்டத்தை மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடிப்பதைப் போன்றது.

அப்பாவிடம் வீட்டுப் பத்திரத்தை பீரோவிலேயே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவில் முனைவர் ஆய்வுக்கு முதுகலை கட்டாயமில்லை. இளங்கலை முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்பார்களா என்பதை மட்டும் ஒவ்வோர் இடத்திலும் கேளுங்கள், சிலர் நான்காண்டு எதிர்பார்க்கிறார்கள். பல்கலைக்கழகத் துறைகளில் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவார்கள். அதனால்தான் அந்த இடங்களுக்கு அவ்வளவு போட்டி. முதுகலைக்கும், சை.டி. என்னும் தொழில்முறை முனைவர் பட்டத்துக்கும் பெரும்பாலும் கைக்காசுதான். வீடு போவது அங்கேதான். மருத்துவ உளவியல் என்றால் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் அந்தப் பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாநில உரிமம் வாங்கும்போது திண்டாட வேண்டியிருக்கும். திரும்பி வந்து இங்கே அந்தத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், அதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. குளிருக்குக் கோட்டு விற்கிறார்கள்.

இனி என் வருத்தத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஊர் இருக்கிறது, தரம் இருக்கிறது, பணம் இருக்கிறது. மனித மனத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அங்கே முனைவர் சேர்க்கை பெரும்பாலும் ஓர் ஆசிரியரை நம்பி நடப்பது. இவருடைய ஆய்வில் எனக்கு இந்தக் கேள்வி இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். கேள்வி இல்லாமல் ஐந்து இடத்துக்கு விண்ணப்பித்தாலும் ஐம்பது இடத்துக்கு விண்ணப்பித்தாலும் ஒன்றுதான்.

ஜோன் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிகாகோவிலும் மைசூரிலும் சிறுவர்களையும் பெரியவர்களையும் சந்தித்து, தெரிந்தவர்கள் செய்த நல்லது கெட்டதைச் சொல்லச் சொன்னார். ஏன் அப்படிச் செய்தார்கள் என்றும் கேட்டார். மைசூரில் ஒருவர் சொன்ன சம்பவம் இது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் வெடித்து, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபட்டது. ஓட்டியவர் வழக்கறிஞர். அடிபட்டவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். அடிபட்டவர் இறந்துபோனார். சொன்னவர் என்ன விளக்கம் தந்தார்? தன் கட்சிக்காரருக்காக அன்று நீதிமன்றத்தில் இருப்பது வழக்கறிஞரின் கடமை, பதற்றத்தில் இருந்திருப்பார், காயமும் பெரிதாகத் தெரிந்திருக்காது. இதே சம்பவத்தை அமெரிக்கர்களிடம் சொன்னபோது அவர்கள் அந்த மனிதரின் குணத்தைக் குறை சொன்னார்கள். இன்னொன்றும் தெரியவந்தது. எட்டு வயதுக் குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. வயது ஏற ஏறத்தான் இரண்டு ஊர்களும் விலகிப்போயின.

இதைப் படித்தபோது என் அம்மா நினைவுக்கு வந்தார். எங்கள் தெருவில் ஒருவர், தம்பி கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். அம்மா அவரை ஒருநாளும் கெட்டவர் என்று சொன்னதில்லை. அவருடைய அப்பா வாங்கிய கடன், அக்காவுக்குப் போட வேண்டியிருந்த நகை, மில் மூடிய வருடம் என்று சொல்லிக்கொண்டே போவார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஆத்திரமாக வரும். செய்தவன்தானே பொறுப்பு என்று கத்துவேன். அம்மா பேச்சை நிறுத்திவிட்டு சோறு போடுவார்.

அம்மாவின் பார்வைதான் ஆழமானது என்று நான் சொல்ல வருவதாக நினைக்காதீர்கள். அதே அம்மாதான், புருஷனிடம் அடிவாங்கி வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், வேலை போன துக்கத்தில் கைநீட்டிவிட்டான் என்று சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பியவர். சூழ்நிலையைச் சொல்லிச் சொல்லியே எத்தனை ஆண்களை நாம் காப்பாற்றியிருக்கிறோம்! நாளைக்கு அந்த அக்கா உங்கள் முன்னால் வந்து உட்காருவார். பாடப்புத்தகம் அவரை ஒரு தனி மனுஷியாகப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் சொல்லும். அவர் மாமியாரின் சர்க்கரை வியாதியைப் பற்றியும் பெண்ணின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியும் பேசுவார். என்ன செய்வீர்கள்?

அந்தப் பாடப்புத்தகம் யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முக்கிய இதழ்களை எடுத்துப் பார்த்தார். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 68 சதவீதம் அமெரிக்கர்கள். அந்த இதழ்களில் ஒன்றில், அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் 67 சதவீதம் உளவியல் வகுப்பின் இளங்கலை மாணவர்களை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை. வகுப்பு மதிப்பெண்ணுக்காக ஆய்வுக்கூடத்தில் வந்து உட்காரும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மனிதன் இப்படிப்பட்டவன் என்று எழுதிவிடுகிறார்கள். நாம் அதை இங்கே மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறோம்.

உடனே மேற்கத்தியருக்கு நம்மைத் தெரியாது என்று மார்தட்டக் கிளம்பிவிடாதீர்கள். இந்தக் குறையைக் கணக்கெடுத்துச் சொன்னவரே அமெரிக்கர்தான். கோவையிலிருந்து மைசூருக்கு பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க சிகாகோவிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. அந்த ஆர்வத்தைக் கற்றுக்கொள்வதற்காகவே நீங்கள் அங்கே போகலாம். போங்கள், நான் தடுக்கவில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டு மனித வளர்ச்சி என்று ஒரு துறை இருக்கிறது. புவனேஸ்வரில் நீண்டகாலம் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷ்வேடர் அந்தத் துறைக்காரர். உளவியல் தரவரிசையில் தேடினால் அது உங்கள் கண்ணில் படாது. பண்பாடும் மனமும் பற்றிய ஆய்வில் மிச்சிகனுக்கு ரிச்சர்ட் நிஸ்பெட், ஷினோபு கிடயாமா என்று நல்ல மரபு உண்டு. ஆக, உங்கள் பட்டியலில் நீங்கள் குளிருக்குப் பயந்து அடிக்கப் பார்த்த பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும்: புகழ்பெற்ற ஆசிரியர் ஓய்வு பெற்றிருக்கலாம், இந்த வருடம் மாணவரை எடுக்காமலும் இருக்கலாம். கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

மருத்துவ உளவியலுக்கு விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குள் எனக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த அக்கா உங்கள் எதிரில் உட்கார்ந்தால் அவரைப் பற்றி முதலில் என்ன தெரிந்துகொள்ள விரும்புவீர்கள், ஏன்? தமிழிலேயே எழுதலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றுகூட அதில் வரக் கூடாது.