கரண்ட் போய் வந்ததும் காணாமல் போன ஆர்டர் லிஸ்ட்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்கள். வீட்டிலேயே தேன்குழல், மணகோலம், மாவுருண்டை, அதிரசம் செய்து கல்யாணத்துக்கும் அறுபது, எண்பது நிறைவு சாந்திக்கும் அனுப்புகிறார்கள். ஆர்டர் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் எக்செல்லில். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் எதையெதையோ இறக்கி மெஷினே திணறிப்போக, காரைக்குடியிலிருந்து சர்வீஸ்காரர் ஒருவர் வந்து சுத்தம் செய்திருக்கிறார். "ரீஸ்டார்ட் பண்ணினால் பழையபடி ஆகிவிடும், இனி ஆன்டிவைரஸே தேவையில்லை" என்று ஒரு சாஃப்ட்வேரும் போட்டு 3,500 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். நான்காம் நாள் கரண்ட் போய் வந்தது. அதற்கு முந்தின இரண்டு நாள் சேவ் செய்த ஆர்டர் லிஸ்ட்டைக் காணோம். "சேவ் பண்ணியது எப்படிப் போகும்? பேரன்தான் அழித்துவிட்டான் என்று திட்டிவிட்டேன். சாஃப்ட்வேர் பழுதா? எடுத்துவிடலாமா? போன லிஸ்ட்டை மீட்க முடியுமா?" இதுதான் கேள்வி. கடிகாரத்துக்குப் பக்கத்தில் குட்டியாக வெள்ளைக் கரடிப் படம் தெரிகிறது என்றும் ஆச்சி எழுதியிருப்பது நல்லதாகப் போயிற்று. அது டீப் ஃப்ரீஸ். கனடாவின் ஃபரோனிக்ஸ் நிறுவனத்துச் சரக்கு.

சாஃப்ட்வேரில் பழுது இல்லை ஆச்சி. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அதன் வேலை என்ன என்பதைப் போட்டவர் உங்களிடம் சொல்லவில்லை.

பழைய பேரேடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று மேலே ஒரு தாளைப் பரப்பி, எழுதுவதையெல்லாம் அந்தத் தாளிலேயே எழுத வைக்கிறோம். படிக்கும்போது தாளில் இருந்தால் தாளைப் பார்க்கிறோம், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் பேரேட்டைப் பார்க்கிறோம். பார்ப்பவருக்கு ஒரே புத்தகமாகத்தான் தெரியும். ரீஸ்டார்ட் ஆனதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் பரப்புகிறது இந்த சாஃப்ட்வேர். பேரன் இறக்கிய கேம், வந்து ஒட்டிய வைரஸ், நீங்கள் அழகாக சேவ் செய்த லிஸ்ட் எல்லாமே தாளில் எழுதியவை. தாளோடு போய்விட்டன. கெட்டது எது, நல்லது எது என்று அதற்குத் தெரியாது.

கரண்ட் போய்த் திரும்ப வந்தாலும் அதற்கு அது ரீஸ்டார்ட்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டுவிட்டு நிறுத்தும் நாளாவது நமக்குத் தெரியும். ஆடிக் காற்றில் மரக்கிளை கம்பியில் விழுந்து போவதை யார் சொல்லிவிட்டுச் செய்கிறார்கள்? சாதாரணக் கம்ப்யூட்டரில் கரண்ட் போனால் கடைசி சேவுக்குப் பிறகு அடித்ததுதான் போகும். எக்செல் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு நகல் எடுத்து வைக்கும், அதிலும் பாதி கிடைத்துவிடும். டீப் ஃப்ரீஸ் போட்டு இப்படி உறைய வைத்த கம்ப்யூட்டரில் அந்த நகலும் சி டிரைவில், அதாவது டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் அதுவும் போச்சு. 2000களில் நான் காரைக்குடியில் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது எட்டு மெஷினிலும் இதேபோல் உறையவைத்திருந்தேன். வருகிறவர்கள் செய்யும் அட்டகாசத்துக்கு அதுபோல மருந்து கிடையாது. ஆனால் ஒன்பதாவதாக என் மேஜையில் இருந்த கணக்கு மெஷினிலும் ஆசைப்பட்டுப் போட்டேன். அந்த மாதக் கணக்கை நோட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்ற மூன்று ராத்திரி ஆயிற்று.

போன லிஸ்ட் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டுத் தருகிறேன் என்று மறுபடியும் காசு கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எழுதியது எங்கே என்ற குறிப்பையே தொலைத்துவிட்ட டிஸ்க்கில் துண்டு துண்டாக ஏதாவது கிடைக்கலாம். அது ஒரு எக்செல் ஷீட்டாக எழுந்து நிற்பது அபூர்வம். ஆர்டர் கொடுத்தவர்கள் போனில், வாட்ஸ்அப்பில் பேசியிருப்பார்கள் அல்லவா? அது உங்கள் போனில் அப்படியே இருக்கும். அதை வைத்து ஒரு மணி நேரத்தில் திரும்ப எழுதிவிடலாம்.

எடுத்துவிட வேண்டுமா? வேண்டாம். பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் இருக்கட்டும். ஆனால் உங்கள் கணக்கு உறைபனிக்கு வெளியே இருக்க வேண்டும்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவு, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய இடமும், எல்லோருக்கும் பொது. காலையில் பெருக்கிக் கழுவிவிடுவார்கள். சுற்றியுள்ள அறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கு, உரியது. அதற்குத் தனிப் பூட்டு, யாரும் பெருக்க வரமாட்டார்கள். சி டிரைவை வளவாகவும், டிஸ்க்கின் இன்னொரு பகுதியான டி டிரைவை அறையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சி உறைந்திருக்கட்டும், டி உறையாமல் இருக்கட்டும். உங்கள் மெஷினில் டி இருக்கிறதா, அதையும் சேர்த்து உறைய வைத்துவிட்டாரா என்பதை முதலில் பாருங்கள். டி-யில் ஒரு சின்ன ஃபைலைப் போட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் தெரிந்துவிடும். புது மெஷின்கள் பலவற்றில் சி மட்டும்தான் வருகிறது. அப்படியானால் டீப் ஃப்ரீஸை நிறுவும்போதே 'தா ஸ்பேஸ்' என்று உறையாத தனி டிரைவ் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளலாம். அதை உங்களுக்குச் செய்யாமல் விட்டதுதான் அந்த மனிதர் செய்த முதல் தப்பு.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். டெஸ்க்டாப்பில் கண்ணுக்கு நேரே தெரியும் ஃபைல் பத்திரமாக இருக்கிறது என்று தோன்றும். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். டாக்குமெண்ட்ஸும் டவுன்லோட்ஸும் அப்படியே. எக்செல்லில் சேவ் கொடுத்தால் அது பழக்கதோஷத்தில் டாக்குமெண்ட்ஸுக்குத்தான் ஓடும். ஒவ்வொரு முறையும் டி-யைத் தேடிப் போய் சேவ் செய்யுங்கள் என்று நான் சொன்னால் நீங்கள் இரண்டு நாள் கேட்பீர்கள், மூன்றாம் நாள் அதிரசப் பாகு அடுப்பில் இருக்கும்போது மறந்துவிடுவீர்கள். அதனால் ஃபோல்டரையே இடம் மாற்றிவிடுங்கள். டாக்குமெண்ட்ஸ் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், அதில் லொகேஷன் என்ற பகுதி, மூவ் என்பதை அழுத்தி டி-யில் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். டெஸ்க்டாப்புக்கும் இதையே செய்யுங்கள். உறைபனியை எடுத்த நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். உறைந்த நிலையில் செய்தால் செய்த மாற்றமும் மறுநாள் மறந்துபோகும். டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை: டேட்டா ஃபோல்டர் சி-யிலேயே கிடந்தால் போட்ட வவுச்சரெல்லாம் கோலமாவு மாதிரி. இப்படி மாற்றிய பிறகும் டி ஒன்றும் இரும்புப் பெட்டி ஆகிவிடாது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், ரீஸ்டார்ட்டில் சி மீளும், பூட்டப்பட்ட டி பூட்டியபடியே கிடக்கும். டிஸ்க் செத்தால் சி, டி இரண்டும் ஒன்றாகச் சாகும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்தால் அதையும் வைரஸ் பூட்டும்.

இனி அந்தக் கரடி. கரடிப் படத்தை ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு இரண்டுமுறை தட்டினால் பாஸ்வேர்டு கேட்கும். உங்களிடம் அந்த பாஸ்வேர்டு இருக்கிறதா? இருக்காது என்று இங்கிருந்தே சொல்வேன். இந்தத் தொழிலில் நான் வெறுக்கும் வித்தை இது. பாஸ்வேர்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வது, பிரின்டர் மாற்றினாலும் புது ஃபான்ட் போட்டாலும் தன்னையே கூப்பிட வைப்பது, வந்து கரடியை அவிழ்த்துவிட, அதாவது உறைபனியை விலக்க, 300, கட்டிவைக்க 200. உங்கள் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைப் பூட்டுக்காரர் கொண்டுபோனால் சும்மா விடுவீர்களா? அதைவிட மோசம், சாஃப்ட்வேரே திருட்டு நகலாக இருப்பது, அல்லது சோதித்துப் பார்க்க 30 நாளுக்கு இலவசமாகக் கிடைப்பதைக் காசுக்கு விற்றுவிட்டுப் போவது. போன் செய்து மூன்று கேளுங்கள்: பாஸ்வேர்டு, உங்கள் பெயரில் லைசென்ஸ் எண், நிறுவும் ஃபைல். மூன்றாவதை விடாதீர்கள். டீப் ஃப்ரீஸை எடுக்க வேண்டுமானால், உறைபனியை விலக்கிவிட்டு அதே நிறுவும் ஃபைலை மறுபடி ஓட்ட வேண்டும். மூன்றையும் கொடுக்கத் தயங்கினால், டி-யில் உள்ளதை நகல் எடுத்துக்கொண்டு வேறு ஆளிடம் மெஷினை அடியிலிருந்து சுத்தமாகப் போடச் சொல்லுங்கள். 3,500 போனது போனதுதான்.

"ஆன்டிவைரஸே வேண்டாம்" என்றாராமே, அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம். காலையில் மெஷினைப் போட்டு, பத்து மணிக்கு ஒரு கண்ட லிங்க்கைத் தட்டி, பதினொரு மணிக்கு பேங்க் பாஸ்வேர்டு அடித்தால், சாயங்காலம் ரீஸ்டார்ட் ஆகி வைரஸ் போகும், பாஸ்வேர்டு ஏற்கெனவே போயிருக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை ஓட விடுங்கள். பணம் அனுப்பும் முன்பு ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, வேறு எதையும் திறக்காமல் அந்த வேலையை மட்டும் முடியுங்கள். ஷட் டவுன் கொடுத்து மறுபடி போடுவதை நம்ப வேண்டாம். விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான், முழுதாக எழுந்து வருவது ரீஸ்டார்ட்டில். யாராவது போன் செய்து உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க அனுமதி வாங்கிப் பணம் எடுத்துவிட்டால், ரீஸ்டார்ட் அதைத் திருப்பித் தராது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

மாதம் ஒருநாள் கரடியை அவிழ்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அமெரிக்கக் கணக்கில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் விடுகிறது, நமக்கு அது செவ்வாய் இரவு. வியாழன் காலையில் கரடியைத் தட்டி, பாஸ்வேர்டு கொடுத்ததும் வரும் திரையில் 'பூட் தாட்' (உறைபனி இல்லாமல்) என்பதைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுங்கள். கரடி மேல் சிவப்பில் பெருக்கல் குறி மின்னினால் அவிழ்ந்திருக்கிறது என்று பொருள். அப்டேட் முழுதும் ஏறிய பிறகு 'பூட் ஃப்ரோஸன்' கொடுத்துக் கட்டிவிடுங்கள். அன்று மெஷினைப் பேரனிடம் கொடுக்காதீர்கள், அன்று ஒட்டுவது நிரந்தரமாக ஒட்டும். இதைச் செய்யாவிட்டால் ஒரே அப்டேட்டை மெஷின் தினமும் இறக்கும், தினமும் மறக்கும். உங்கள் நெட் டேட்டாதான் கரையும்.

இத்தனை சுற்றுவழி ஏன்? மைக்ரோசாஃப்ட்டே முன்பு விண்டோஸ் ஸ்டெடிஸ்டேட் என்று இதே வேலைக்கு இலவசமாக ஒன்று கொடுத்தது. எக்ஸ்பி, விஸ்டாவோடு அதை நிறுத்திக்கொண்டார்கள், 2010 முடிவில் இறக்குவதற்கும் கிடைக்காமல் போயிற்று. அதே வித்தை இப்போதும் விண்டோஸுக்குள் இருக்கிறது. ஆனால் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு மட்டும். வீட்டுக்கு ஹோம் பதிப்பு வாங்கியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? விருந்தாளிக்கென்று இருந்த கெஸ்ட் அக்கவுண்ட்டையும் விண்டோஸ் 10-இல் தூக்கிவிட்டார்கள். அந்த விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது, விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு வருஷ வாய்தா. உங்களுடையது விண்டோஸ் 10 என்றால், அதற்கு விண்ணப்பிப்பதையும் கரடி அவிழ்ந்திருக்கும் நாளில் செய்யுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு, எதையும் நிறுவ, மாற்ற விடும் அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுண்ட் ஒன்று திறந்து கொடுங்கள். அதற்குக் காசு இல்லை. அந்த அக்கவுண்ட்டில் டி டிரைவில் உங்கள் கணக்கு ஃபோல்டர் திறக்காதபடி அனுமதியை நிறுத்திவிட முடியும். வேறு ஆள் வந்து மெஷினைப் பார்க்கும்போது அதையும் செய்யச் சொல்லிவிடுங்கள்.

லிஸ்ட் போனதில் பேரனுக்குப் பங்கே இல்லை ஆச்சி. ஊருக்குக் கிளம்பிவிட்டானென்றால் போனிலாவது அதைச் சொல்லிவிடுங்கள்.